தாதியரின் சிடுசிடுப்பும் கடமைப் பட்டியலும்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். அரச வைத்தியசாலைகளில் தாதியர் எரிந்து விழுகிறார்கள், நோயாளரின் உறவினர் கேட்கும் கேள்விக்கு முகங்கொடுத்துப் பதில் சொல்வதில்லை, போதாக்குறைக்குத் தமக்குள்ளேயே பேச்சின்றி இரு பக்கமாக நின்று வேலை செய்கிறார்கள் என்ற முறைப்பாடுகள் நமது பத்திரிகைகளின் வாசகர் பகுதிகளில் காலத்துக்குக் காலம் வெளிவருகின்றன. யாழ்ப்பாணக் குடாநாட்டு வைத்தியசாலைகளில் தாதிய உத்தியோகத்தராகவும் பின்னர் நோயாளர் விடுதிப் பொறுப்பாளராகவும் கடமையாற்றி ஓய்வுபெற்றவள் என்ற முறையில், அம்முறைப்பாடுகள் பொய்யென்று நான் வாதிட மாட்டேன். அவற்றோடு ஒட்டிக்கொண்டு வரும் விளக்கத்தையே மறுக்க விரும்புகிறேன். 'பொம்பிளையள் நாலுபேர் ஓரிடத்திலை சேர்ந்தால் இப்பிடித்தான்' என்பது அந்த விளக்கம். சந்தையில் மட்டுமல்லாமல், நிர்வாகக் கதிரைகளில் இருப்போர் வாயிலிருந்தும் நான் இதைக் கேட்டிருக்கிறேன்.

உலகெங்கும் தாதியத் தொழிலில் உள்ளோரில் பத்தில் ஒன்பது பேர் பெண்கள் என்று உலக சுகாதார நிறுவனம் 2020இல் வெளியிட்ட அறிக்கை கூறுகிறது. ஆகவே தாதியரிடையே நடப்பது எதுவாயினும் அதைப் பெண்களின் குணத்தின்மீது ஏற்றிவிடுவது எளிது. ஆனால் ஒரே விடுதியில் அதே பெண்கள், ஆளணி நிறைவாக உள்ள மாதத்தில் ஒருவரையொருவர் தாங்கிக்கொள்வதையும், மூவர் இடமாற்றம் பெற்றுப்போய் பதிலாள் வராத மாதத்தில் ஒரு கட்டில் விரிப்பை மாற்றுவது யார் என்பதற்கே மனஸ்தாபப்படுவதையும் பார்த்தவர்களுக்கு அந்த விளக்கம் போதாது. அந்த இரண்டு மாதங்களுக்கும் இடையில் மாறியது ஆட்தொகை மட்டுமே.

விடுதிப் பிணக்குகள் எங்கே தொடங்குகின்றன என்று தேடுபவர்கள் முதலில் பார்க்கவேண்டியது பொறுப்புத் தாதியரின் மேசைமீது கிடக்கும் கடமைப் பட்டியலை. காலை 7 மணி முதல் பிற்பகல் 1 மணி வரை, 1 மணி முதல் மாலை 7 மணி வரை, மாலை 7 மணி முதல் மறுநாள் காலை 7 மணி வரை என நாள் மூன்றாகப் பிரிக்கப்படுகிறது. மூன்றாவது பங்கு பன்னிரண்டு மணித்தியாலம் நீளமானது. பகலில் பலர் பகிர்ந்துகொள்ளும் பொறுப்பு முழுவதும் அந்த நேரத்தில் மிகச் சிலரின் தலையில் விழுகிறது. யார் எத்தனை இரவு, யாருக்கு ஞாயிறு, யாருக்கு மேலதிக நேரம், நல்லூர்க் கந்தசுவாமி கோயில் தேரன்று யார் விடுதியில் நிற்பது, தைப்பொங்கலன்று யார் நிற்பது என்ற கேள்விகளுக்கெல்லாம் அந்த ஒரு தாள்தான் விடை. பட்டியலைத் தயாரிப்பவருக்குத் தேவையான ஆட்கள் தரப்படுவதில்லை; ஆனால் நீதி வழங்கும் பொறுப்பு மட்டும் முழுமையாகத் தரப்படுகிறது. நல்லூர் உற்சவத்தின் 25 நாட்களும் நெருங்கும்போது பொறுப்புத் தாதியர்கள் சிலருக்கு இரத்த அழுத்தம் ஏறுவதைச் சக ஊழியர்கள் பகிடியாகச் சொல்வதுண்டு. அதிலே பகிடி அதிகமில்லை.

கடமைப் பட்டியல் காகிதத்தில் ஆண், பெண் பேதம் பார்ப்பதில்லை. அதை நிரப்பும் வாழ்க்கை பார்க்கிறது. காலைக் கடமைக்கு வரும் திருமணமான தாதி ஒருத்தி வடமராட்சியிலிருந்தோ தீவகத்திலிருந்தோ புறப்படுவதானால், விடியுமுன் எழுந்து காலை உணவையும் மதியத்துக்கான சோறு கறியையும் ஆக்கி, பிள்ளையின் பாடசாலைப் பையை அடுக்கிவிட்டுத்தான் பஸ்ஸைப் பிடிக்கிறாள். ஐந்தாம் தரப் புலமைப்பரிசில் பரீட்சைக்குப் பிள்ளை தோற்றும் ஆண்டென்றால் பிற்பகல் கடமை அவளுக்குத் தண்டனை. மாலை வகுப்புக்கு ஏற்றி இறக்குவதும், வீட்டில் இருத்திப் படிப்பிப்பதும் தாயின் வேலை என்றே நமது சமூகம் தீர்மானித்திருக்கிறது. ஆகவே அவள் பட்டியலில் சலுகை கேட்கிறாள். சலுகை வானத்திலிருந்து விழுவதில்லை. திருமணமாகாத இன்னொருத்தியின் தோளிலிருந்து இறக்கப்படுகிறது. 'உனக்கென்ன, பிள்ளையா குட்டியா' என்ற ஒரு வசனத்தைக் கேட்டுக் கேட்டு, படுக்கையிலிருக்கும் தகப்பனைத் தனியே பராமரித்துக்கொண்டே மற்றவர்களின் இரவுகளையும் சுமந்த திருமணமாகாத தாதியர் இருக்கிறார்கள். அவர்களுக்கும் தாய்மாருக்கும் இடையில் வளரும் கசப்பைப் பெண்களின் பொறாமை என்று வெளியே இருப்பவர் சொல்லிவிட்டுப் போகலாம். அந்தத் தாயின் கணவனுடைய அலுவலகத்தில் எவரும் பிள்ளையின் மாலை வகுப்புக்காகக் கடமை மாற்றம் கேட்பதில்லை என்பதை நான் கவனிக்கிறேன். இரண்டு பெண்கள் சண்டையிடுகிறார்கள். சண்டைக்குக் காரணமான மூன்றாவது ஆள் வீட்டில் தொலைக்காட்சி பார்க்கிறார்.

மகப்பேற்று விடுமுறையிலும் இதே கதைதான். அரச ஊழியரான தாய்க்கு முழுச் சம்பளத்துடன் 84 வேலை நாட்கள் விடுமுறை உரித்தானது. அது போதாது என்பதே என் கருத்து. ஆனால் விடுமுறையில் செல்பவருக்குப் பதிலாக விடுதிக்கு ஒருவர் வருவது அரிது. இளம் பெண்கள் நிறைந்த ஒரு விடுதியில் ஒரே காலத்தில் இருவரோ மூவரோ விடுமுறையில் இருக்கலாம் என்பது எவரும் எதிர்பார்க்க முடியாத விபத்தன்று. பெண்களை நம்பி நடக்கும் சேவையில் ஆண்டுதோறும் நடக்கப்போகும் விடயம். அதற்கென மேலதிக ஆளணியை ஒதுக்காதது நிர்வாகத்தின் குறை. எஞ்சியிருப்போர் இரட்டைக் கடமை செய்து களைக்கும்போது கோபம் ஒதுக்கப்படாத அந்த வெற்றிடத்தின்மீது செல்வதில்லை. கண்ணுக்குத் தெரிகின்ற, வயிற்றைத் தள்ளிக்கொண்டு வரும் சகோதரியின்மீது செல்கிறது. கர்ப்பமாக இருப்பதைச் சொல்வதற்கே தயங்கி, சொல்லாமலேயே பாரந்தூக்கிய பெண்களை நான் அறிவேன்.

கோபம் செல்லும் திசையைப் பற்றி இன்னுஞ் சிறிது சொல்லவேண்டும். நமது வைத்தியசாலைகளில் அது மேலே ஏறுவதேயில்லை. வைத்திய நிபுணர் விடுதியைச் சுற்றிப் பார்க்க வரும்போது ஒரு பரிசோதனை அறிக்கை வந்து சேரவில்லையென்றால், ஆய்வுகூடத்தின் தாமதத்துக்கும் சேர்த்து நோயாளர்களுக்கு முன்னிலையில் ஏச்சு வாங்குவது தாதி. அவர் அந்த இடத்தில் வாய் திறப்பதில்லை. சிறிது நேரத்தின் பின் கனிஷ்ட தாதியின் ஊசித் தட்டில் குற்றம் காண்கிறார். கனிஷ்ட தாதி பயிற்சி மாணவியிடமோ சிற்றூழியரிடமோ சீறுகிறார். சிற்றூழியர் வாசலில் நிற்கும் நோயாளியின் மகளை 'நேரம் முடிஞ்சுது, போங்கோ' என்று அனுப்புகிறார். அந்த மகளே பிறகு உங்கள் பத்திரிகைக்குக் கடிதம் எழுதுகிறாள். வாய்க்காலில் இறைத்த நீர்போலக் கோபம் பள்ளத்தை நோக்கி ஓடுகிறது. மேலைநாட்டுத் தாதியியல் ஆய்வாளர்கள் 1980களிலிருந்தே இதனைப் பற்றி எழுதிவருகிறார்கள்: அதிகாரம் மறுக்கப்பட்ட குழுவினர் தம்மை ஒடுக்குவோரை எதிர்க்க இயலாதபோது தம்முள் ஒருவரையொருவர் காயப்படுத்துவர் என்பது அவர்கள் தரும் விளக்கம். நான் அந்த எழுத்துக்களைப் படிப்பதற்கு வெகு முன்னரே விடுதியில் அதைப் பார்த்திருந்தேன்.

1967இல் லெனர்ட் ஸ்டைன் என்ற அமெரிக்க மனநல மருத்துவர், மருத்துவருக்கும் தாதிக்கும் இடையில் நடைபெறும் ஒரு விளையாட்டைப் பற்றிக் கட்டுரை எழுதினார். நோயாளிக்கு இன்னது தேவை என்று தாதிக்குத் தெரியும். ஆனால் ஆலோசனை சொல்வதாகத் தோன்றாமல் அதைச் சொல்லவேண்டும். மருத்துவரும் ஆலோசனை கேட்பதாகத் தோன்றாமல் அதைப் பெற்றுக்கொள்ளவேண்டும். வலிநிவாரணியின் அளவு போதாதென்று பட்டால் நம்மவர் அதை நேரே சொல்ல மாட்டார். 'சேர், பன்னிரண்டாம் கட்டில் ஐயா ராத்திரி முழுக்க நித்திரை கொள்ளேல்லை' என்பார். சேர் புரிந்துகொண்டு அளவைக் கூட்டினால் ஆட்டம் நன்றாக முடிந்தது. புரிந்துகொள்ளாவிட்டால் ஐயா மறு இரவும் விழித்திருப்பார். இளைய மருத்துவர்கள் பலர் இன்று தாதியிடம் வெளிப்படையாகவே கேட்கிறார்கள் என்பதை நியாயமாகச் சொல்லவேண்டும். பழைய விளையாட்டு முற்றாக ஒழிந்துவிட்டது என்று சொல்லத்தான் என்னால் இயலவில்லை.

இங்கே நம் பக்கத்துக் குறையையும் மறைக்கக் கூடாது. உள்ளகப் பயிற்சிக்கு வரும் இளம் ஆண் மருத்துவர் இரவில் களைத்து நின்றால் தேநீர் வைத்துக் கொடுக்கும் அதே தாதியர், அதே நிலையில் நிற்கும் இளம் பெண் மருத்துவரிடம் 'சாமான் அலுமாரியிலை இருக்கு, எடுங்கோ டொக்டர்' என்பதோடு நிறுத்திக்கொள்வதுண்டு. நோயாளரும் இதற்குத் துணைபோகிறார்கள். வெள்ளை உடுத்த ஆண் தாதியைக் கண்டதும் 'டொக்டர்' என்று எழுந்து நிற்பவர், கழுத்தில் ஸ்டெதஸ்கோப் போட்ட பெண் மருத்துவரை 'மிஸ், டொக்டர் எப்ப வருவார்?' என்று கேட்கிறார். அந்தப் பெண் மருத்துவர் தன் அதிகாரத்தை நிலைநாட்டக் குரலை உயர்த்தும்போது, அதைக் கேட்கவேண்டியிருப்பவர் பக்கத்தில் நிற்கும் தாதி. பெண்ணுக்குப் பெண்ணே எதிரி என்று இதைப் பார்த்துச் சொல்பவர்கள், இருவரையும் அந்த இடத்தில் கொண்டுவந்து நிறுத்தியது எதுவென்று கேட்பதில்லை.

யாழ்ப்பாணத்துக்கென்றே உரிய ஒரு சிக்கலும் உண்டு. எங்கள் மூத்த தலைமுறைத் தாதியர் போரினுள் வேலை செய்தவர்கள். 1987 ஒக்டோபர் 21ஆம் திகதி யாழ்ப்பாணம் வைத்தியசாலைக்குள் இந்திய அமைதிப்படையினர் நடத்திய துப்பாக்கிச் சூட்டில் நோயாளருடன் மருத்துவர்களும் தாதியரும் ஊழியரும் கொல்லப்பட்டதை இந்த ஊர் மறக்கவில்லை. 1995 ஒக்டோபர் இறுதியில் வலிகாமம் முழுவதும் இடம்பெயர்ந்தபோது நோயாளரையும் கூட்டிக்கொண்டு நடந்தவர்கள் அவர்கள். மருந்தில்லாமல், மின்சாரமில்லாமல், சில வேளை சம்பளமும் ஒழுங்காக வராமல் சேவை செய்தவர்கள் மீது எனக்குள்ள மதிப்பு அளவிடற்கரியது. ஆயினும் அந்த அனுபவம் விடுதிகளில் ஒரு பழக்கத்தை விட்டுச் சென்றிருக்கிறது. இளம் தாதி ஒருத்தி தொடர்ந்து இரவுக் கடமை செய்ய இயலவில்லை என்றோ, தன் கையில் ஒரு குழந்தை இறந்ததிலிருந்து நித்திரை வரவில்லை என்றோ சொன்னால், 'நாங்கள் செல்லடிக்குள்ளை நிண்டு வேலை செய்தனாங்கள், உங்களுக்கு இது பெரிசே?' என்ற பதில் வரும். அதன் பின் அவள் சொல்வதில்லை. மூத்தவர்களுக்கு இளையவர்கள் சொகுசானவர்களாகவும், இளையவர்களுக்கு மூத்தவர்கள் கல்நெஞ்சராகவும் தோன்றுகின்றனர். உண்மையில் மூத்தவர்களுக்கும் அன்று ஆறுதலாகப் பேச எவரும் இருக்கவில்லை. பெண் என்றால் பொறுத்துக்கொள்ளவேண்டும், தாதி என்றால் இரட்டிப்பாகப் பொறுத்துக்கொள்ளவேண்டும் என்ற பாடமே அவர்களுக்கும் புகட்டப்பட்டது. அக்காலத்தில் தாதியரிடையே பிணக்கே இருந்ததில்லை என்று சிலர் சொல்வதையும் நான் ஏற்கமாட்டேன். இருந்தது. ஷெல் விழும்போது அதைப் பற்றிப் பேச நேரமில்லாமல் இருந்தது, அவ்வளவுதான்.

ஆண் தாதியரின் நிலையும் தனித்த கவனத்துக்குரியது. எண்ணிக்கையில் அவர்கள் சிறுபான்மையினர். பெண்கள் விடுதியிலும் மகப்பேற்று விடுதியிலும் அவர்களை நிறுத்த நிர்வாகம் தயங்குகிறது. ஆகவே ஆண்கள் விடுதி, அவசர சிகிச்சைப் பிரிவு, சத்திரசிகிச்சைக் கூடம், உளநல விடுதி என்று அவர்களின் வட்டம் குறுகுகிறது. பாரமான நோயாளியைப் புரட்டவேண்டுமென்றாலும், குடித்துவிட்டு வந்து கத்துபவரை அடக்கவேண்டுமென்றாலும் 'தம்பி, ஒருக்கா வாங்கோ' என்ற அழைப்பு வரும். அது பட்டியலில் எழுதப்படாத வேலை. கலியாணப் பேச்சில் மாப்பிள்ளை தாதி என்று சொல்லப் பெற்றோர் கூச்சப்பட்டுச் 'சுகாதாரத் திணைக்களத்திலை வேலை' என்று மழுப்புவதும் நமது ஊரில் நடப்பதே. மறுபக்கத்தில், பெண்கள் மிகுந்த தொழில்களுக்குள் வரும் ஆண்கள் தாம் நாடாவிட்டாலும் மேலே தள்ளப்படுகிறார்கள் என்று அமெரிக்கச் சமூகவியலாளர் கிறிஸ்டின் வில்லியம்ஸ் 1992இல் எழுதியதும் நம்மிடம் முற்றாகப் பொய்யாகவில்லை. அரச சேவையில் பதவியுயர்வு சேவை மூப்பையும் பரீட்சையையும் பொறுத்தது என்பதால் அது அப்படியே பொருந்தாது. ஆனால் கூட்டங்களில் யார் பேசுகிறார், யாருடைய பேச்சைப் பணிப்பாளர் குறித்துக்கொள்கிறார் என்று பார்த்தால் தெரியும். நாடளாவிய தாதியர் சங்கங்களுள் ஒன்றுக்குப் பல தசாப்தங்களாகத் தலைமை தாங்கியவர் பௌத்த பிக்குவான முருத்தெட்டுவே ஆனந்த தேரர். மற்றொன்றின் குரலாக நாடு அறிந்தவர் சமன் ரத்னப்பிரிய. அவர்கள் போராடிப் பெற்றுத்தந்தவற்றை நான் குறைத்து மதிப்பிடவில்லை. பெண்களால் நிறைந்த ஒரு தொழிலின் குரலாக நாம் தொலைக்காட்சியில் கேட்பது பெரும்பாலும் ஆண்களையே என்பதை மட்டும் குறிப்பிடுகிறேன். சுகாதாரத் துறையில் வேலை செய்வோரில் 70 வீதமானோர் பெண்களாயிருந்தும் உயர்பதவிகளில் 25 வீதமே பெண்கள் என்று உலக சுகாதார நிறுவனம் 2019இல் கூறியது நமக்கும் அந்நியமான செய்தியன்று.

பாலியல் தொந்தரவைப் பற்றிச் சுருக்கமாகவே எழுதுகிறேன். விரித்து எழுதினால் பாதிக்கப்பட்டவர்களை அடையாளம் காணும் அளவுக்குச் சிறிய ஊர் இது. தண்டனைச் சட்டக்கோவையின் 345ஆம் பிரிவு 1995இல் திருத்தப்பட்டதிலிருந்து, வேலைத்தளத்தில் அதிகாரத்திலுள்ளவர் சொல்லாலோ செயலாலோ செய்யும் பாலியல் தொந்தரவு ஐந்தாண்டு வரை சிறைத்தண்டனைக்குரிய குற்றம். சட்டம் இருக்கிறது, முறைப்பாடு செய்பவளைப் பாதுகாக்கும் வழியைத்தான் நான் காணவில்லை. முறையிட்டவள் முதலில் எதிர்கொள்வது குற்றஞ்சாட்டப்பட்டவரை அன்று. 'பெயர் கெட்டுப்போகும், நாளைக்கு உனக்கொரு கலியாணம் பேச வேண்டாமே?' என்று புத்தி சொல்லும் சக பெண்களை. அவர்களும் பயத்தினாலேயே அப்படிச் சொல்கிறார்கள். அந்த நாளோடு அவளுக்கும் அவர்களுக்கும் இடையிலிருந்த நட்பு முறிந்துவிடுகிறது. தொந்தரவு செய்தவர் தன் கதிரையிலேயே இருக்கிறார்.

பணமும் பிணக்கை வளர்க்கிறது. 2022ஆம் ஆண்டின் பொருளாதார நெருக்கடிக்குப் பின் தாதியர் பலர் வெளிநாடு சென்றனர். எஞ்சியோர் அவர்களது வேலையையும் பகிர்ந்தனர். 2024இன் தொடக்கத்தில் மருத்துவர்களின் கொடுப்பனவு உயர்த்தப்பட்டபோது ஏனைய சுகாதார ஊழியர்கள் வேலைநிறுத்தத்தில் இறங்கினர். 2025 வரவு செலவுத் திட்டத்தின் பின் மேலதிக நேர, விடுமுறை நாள் கொடுப்பனவுகள் குறைகின்றன என்று தாதியர் மீண்டும் வீதிக்கு வந்தனர். வீட்டுக் கடனை மேலதிக நேரக் கொடுப்பனவால் அடைக்கும் குடும்பங்களில் அந்த மணித்தியாலங்களுக்கான போட்டி கடுமையாகிறது. களைத்தவளே மேலதிக நேரத்தையும் கேட்கிறாள், கிடைக்காதபோது கோபிக்கிறாள் என்பது வெளியே இருப்பவருக்கு முரணாகத் தோன்றும். சம்பளத் தாளைப் பார்த்தவருக்குத் தோன்றாது.

இவை தாதியரின் சொந்தப் பிரச்சினைகள், நோயாளருக்கு இதில் என்ன என்று வாசகர் கேட்கக்கூடும். கடமை மாறும் வேளையில் ஒவ்வொரு கட்டிலின் அருகிலும் நின்று, இவருக்கு இன்ன மருந்து கொடுத்தாயிற்று, இவருக்குச் சிறுநீர் குறைவாகப் போகிறது, இவர் காலையிலிருந்து ஒரு மாதிரி இருக்கிறார் என்று வாயால் சொல்லி ஒப்படைப்பதில்தான் நோயாளியின் உயிர் இருக்கிறது. 'ஒரு மாதிரி இருக்கிறார்' என்பதை எந்தப் பதிவேட்டிலும் எழுத இடமில்லை. முகம் பாராத இருவருக்கிடையில் ஒப்படைப்பு கையெழுத்தோடு முடிந்துவிடும். சொல்லப்படாத அந்த ஒரு வசனத்தின் விலையைக் கட்டிலில் கிடப்பவர் செலுத்துவார். பேசாமல் ஒப்படைத்த இரவுகளை நான் பார்த்திருக்கிறேன் என்பதாலேயே இக்கடிதத்தை எழுதுகிறேன்.

இதற்குப் பரிகாரமாக அதிகாரிகள் பொதுவாக ஒழுங்குசெய்வது பொறுமை, புன்னகை, மனவழுத்த முகாமைத்துவம் பற்றிய ஒருநாட் கருத்தரங்கு. ஓய்வுநாளில் கூப்பிட்டு ஓய்வைப் பற்றி விரிவுரை கேட்கவைக்கும் ஏற்பாடு அது. நான் கேட்பவை சாதாரணமானவை. கடமைப் பட்டியல் நான்கு வாரங்களுக்கு முன்னரே எல்லோரும் பார்க்கச் சுவரில் ஒட்டப்படவேண்டும். கடந்த ஓராண்டில் யார் எத்தனை இரவும் எத்தனை திருநாளும் நின்றார்கள் என்ற கணக்கும் அதனருகே இருக்கவேண்டும். கணக்கு கண்முன் இருந்தால் பொறுப்பாளர்மீதான சந்தேகத்தில் பாதி அன்றே தீரும் என்பது என் அனுபவம். மகப்பேற்று விடுமுறைக்குப் பதிலாட்களை முன்கூட்டியே ஒதுக்கும் மேலதிக ஆளணி மாகாண மட்டத்தில் வேண்டும். மாலை 7 மணிக்குக் கடமை முடிந்து பருத்தித்துறைக்கோ வேலணைக்கோ போகவேண்டிய பெண்களுக்கு ஒரு வாகன ஒழுங்கும், வைத்தியசாலை வளவினுள் குழந்தைப் பராமரிப்பு நிலையமும் இருந்தால், 'எனக்கு இந்தக் கடமை ஏலாது' என்ற வசனத்தை நாம் மிகக் குறைவாகவே கேட்போம். தொந்தரவு, அவமதிப்புப் பற்றிய முறைப்பாட்டை அதே விடுதியின் மேலதிகாரியிடமே கொடுக்கவேண்டிய நிலை மாறி, வைத்தியசாலைக்கு வெளியேயுள்ள பெண் அலுவலர் ஒருவரிடம் கொடுக்க வழிசெய்யவேண்டும். கணவன்மாரிடம் நான் எதையும் கேட்கப்போவதில்லை; கேட்டுக் களைத்துவிட்டேன்.

வாசகர்களிடம் ஒரு வேண்டுகோள் உண்டு. தாதி ஒருத்தி உங்களிடம் கடுமையாகப் பேசினால் தாராளமாக முறையிடுங்கள், பத்திரிகைக்கும் எழுதுங்கள். எழுதும்போது அந்த நேரத்தில் அவ்விடுதியில் எத்தனை நோயாளர் இருந்தனர், எத்தனை தாதியர் கடமையில் நின்றனர் என்ற இரண்டு எண்களையும் எண்ணிப் பார்த்துச் சேர்த்து எழுதுங்கள். ஆசிரியர் அவர்களே, அந்த இரண்டு எண்களையும் வெட்டாமல் பிரசுரியுங்கள்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற தாதிய உத்தியோகத்தர்,
கோண்டாவில்.